வீடு கைமாறும் நாள்: திறப்பு வாங்குமுன், திறப்புக் கொடுக்குமுன்

சாமான் கட்டுவது நம் பெண்களுக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2008, 2009 இல் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தோம். அப்போதெல்லாம் எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கவே நேரமிருக்கவில்லை.

வீட்டை விற்று வேறு வீடு வாங்கிக் குடிபோவது அப்படியானதல்ல. இந்த நாளைக் குறிப்பவர்கள் நாங்கள். ஆனாலும் பலர் லொறியிலும் மூட்டைகளிலுமே கவனத்தை வைக்கிறார்கள். அந்த நாளில் கைமாறுவன மூன்று: உறுதி, பணம், திறப்பு. உறுதியும் பணமும் கைமாறிய பின்னரே திறப்புக் கைமாற வேண்டும். இந்த ஒழுங்கு பிசகினால் பல வருட வழக்காகிவிடலாம்.

நாள் குறிக்குமுன்

காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட்டால்தான் செல்லுபடியாகும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். முற்பணம் வாங்கி எழுதிய கடதாசித் துண்டு உறுதி ஆகாது. வாங்குபவர் காணிப் பதிவகத்தில் தோம்பு பார்ப்பிக்க வேண்டும். கையொப்பமிடுவதற்குச் சற்று முன்னர் இன்னொரு தடவையும் பார்ப்பது நல்லது. இடையில் காணி ஈடு வைக்கப்பட்டிருக்கலாம். அனுமதிப்பத்திரத்தில் உள்ள அரச காணியானால் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கு 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கேட்டது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது எங்கிருக்கிறார் என்று தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி பெறும் வழியும் அதிலேயே வைக்கப்பட்டது. காணாமற்போன கணவரின் பெயரில் வீடு இருந்தால், 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அது சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க உதவும். விற்பதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். இவற்றுக்கு மாதக்கணக்கில் செல்லும். ஆகவே முற்பணம் வாங்குவதற்கு முன்பே சட்டத்தரணியைக் காணுங்கள்.

அன்று காலை

வாங்குபவர் நொத்தாரிசிடம் போகுமுன் வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பேசியபடி தண்ணீர் மோட்டர், தாங்கி, மின்விசிறி, கதவுகள் இருக்கின்றனவா? வீட்டில் எவராவது இன்னும் குடியிருக்கிறார்களா? “ஒரு மாதம் இருந்துவிட்டு எழும்புகிறோம்” என்று விற்பவர் கேட்டால், எழும்பும் திகதியை எழுத்தில் வாங்கி, பணத்தில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வைப்பதற்கு நொத்தாரிசு மூலம் ஒழுங்கு செய்யுங்கள்.

உறுதி உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், எல்லைகள், பரப்பளவு, விலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காகக் கையொப்பம் வைக்காதீர்கள். விற்பவர் மீதிப் பணத்தை வங்கிக் கட்டளையாகக் கேட்பது பாதுகாப்பானது. சாதாரண காசோலை திரும்பி வரக்கூடும். பணம் தமது முன்னிலையில் கொடுக்கப்பட்டதா என்பதை நொத்தாரிசு உறுதியில் குறிப்பிடுவார். நடந்தது எதுவோ அதுவே எழுதப்பட வேண்டும்.

நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுவது நம்மில் பலரின் வழக்கம். அந்த நேரம் கையொப்பத்துக்கு முன் வந்தால் வேறு நாள் பாருங்கள். மீதிப் பணம் தராமல் குடிவந்தவரை எழுப்புவது விற்றவருக்குப் பெரும்பாடு. உறுதி முடியாமல் சாமான் இறக்கியவருக்கோ எந்த உரிமையும் கையில் இல்லை.

திறப்புக் கொடுக்கும்போது மின்மானி, நீர்மானி இலக்கங்களை இரு பகுதியாரும் குறித்து, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மின், நீர்ப் பட்டியல்களையும் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எல்லாத் திறப்புகளையும் எண்ணி வாங்குங்கள். பூட்டுகளை அன்றே மாற்றினால் நிம்மதி.

லொறியில் ஏற்றக்கூடாதவை

பழைய உறுதிகள், பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், நகை, மருந்து, கிளினிக் கொப்பி ஆகியன ஒரே பையில், உங்கள் தோளில் இருக்கட்டும். பாய், விளக்கு, ஒரு பானை, அரிசி, தேநீர்ச் சாமான் ஆகியவற்றைக் கடைசியாக ஏற்றுங்கள். கடைசியாக ஏற்றியதுதான் முதலில் இறங்கும்.

மூட்டை கட்டுவதைக் கண்டாலே பதறும் முதியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று சில நாட்களுக்கு முன்பே சொல்லுங்கள். முடிந்தால் புதிய வீட்டை ஒருமுறை காட்டுங்கள். தங்கள் சாமானை அவர்களே கட்டட்டும். பிள்ளைகளுக்கும் அப்படியே.

குடிபோன பின்

புதிய கிராம அலுவலரிடம் பதிவது முதல் வேலை. வாக்காளர் இடாப்பு, அஸ்வெசும கொடுப்பனவு, பிள்ளைகளின் பாடசாலை என்பவற்றுக்கு அந்தப் பதிவு தேவைப்படும். பாடசாலை மாறினால் பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் வாங்குங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளின் தாய்மாரும் அப்பகுதிக் குடும்பநல மாதுவைச் சந்திக்க வேண்டும். மின், நீர் இணைப்புகளையும் சோலைவரியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வாங்கியவர் மறக்கக்கூடாத ஒன்று, காணிப் பதிவகத்தில் உறுதியைப் பதிவிப்பது. 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி, பதியாத உறுதியைப் பின்னர் எழுதிப் பதியப்பட்ட இன்னொரு உறுதி முந்திவிடக்கூடும். சில வாரங்களில் நொத்தாரிசிடம் போய்ப் பதிவு விபரத்தைக் கேளுங்கள்.

போரில் உறுதிகளைத் தொலைத்தவர்கள் நம்மில் அநேகர். புதிய உறுதி கைக்கு வந்ததும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரிலிருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.