செங்கடலில் தடை, சிங்கப்பூரில் நெரிசல்

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சிங்கப்பூருக்கு வந்த கொள்கலன் கப்பல்கள் பல, துறைமுகத்தில் இடம் கிடைக்க இரண்டு மூன்று நாள் காத்திருந்தன. இங்கே புயல் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. காரணம் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், செங்கடலில் இருந்தது.

சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் எனக்கு அந்த நாள்களில் தொலைபேசி ஓயவில்லை. லிட்டில் இந்தியா மளிகைக் கடைக்காரர் ஒருவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “தம்பி, என் சரக்கு சென்னையிலிருந்து வருது. செங்கடல் பக்கமே போகல. அது ஏன் தாமதமாகணும்?”

நியாயமான கேள்வி. பதிலைப் படிப்படியாகப் பார்ப்போம்.

2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் சுயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல முடிவெடுத்தன. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாம் செல்லும் கப்பலுக்கு இதனால் 6,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் கூடியது. ஆசியா, ஐரோப்பா இடையிலான பயணம் ஏறத்தாழ 10 முதல் 14 நாள்வரை நீண்டது.

ஒரு சிறு கணக்கு. வாரம் ஒரு கப்பல் புறப்படும் சேவையில், ஒரு கப்பல் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப 12 வாரமாகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேவைக்கு 12 கப்பல்கள் போதும். பயணம் 14 வாரமானால் 14 கப்பல்கள் வேண்டும். கூடுதல் கப்பல்கள் உடனே கிடைத்துவிடுமா? கிடைக்காதபோது அட்டவணை குலைகிறது. வாரத்துக்கு ஒன்றாக வரவேண்டிய கப்பல்கள் சேர்ந்தாற்போல் வருகின்றன.

இது சிங்கப்பூரை ஏன் இவ்வளவு பாதிக்கிறது? இங்கு கையாளப்படும் கொள்கலன்களில் சுமார் 90 விழுக்காடு நமக்கானவை அல்ல. ஒரு கப்பலிலிருந்து இறங்கி, வேறொரு கப்பலில் ஏறிச் செல்பவை. பேருந்துச் சந்திப்பு நிலையத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு பேருந்துகள் ஒன்றாக வந்து நின்றால், நேரத்தோடு வந்த ஐந்தாவது பேருந்தும் வெளியே நிற்கத்தான் வேண்டும். போதாததற்கு, இழந்த நாள்களை ஈடுகட்ட அடுத்த துறைமுகங்களைத் தவிர்த்த சில கப்பல்கள், அங்கு இறக்கவேண்டிய சரக்கையும் இங்கேயே இறக்கிச் சென்றன. கடைக்காரரின் பருப்பும் மிளகாயும் அந்த வரிசையில்தான் மாட்டிக்கொண்டன.

துறைமுகம் கைகட்டி நிற்கவில்லை. பயன்பாட்டில் இல்லாத கெப்பல் முனையத்தின் பழைய தளங்கள் மீண்டும் திறக்கப்பட்டன, ஆள்பலமும் கூட்டப்பட்டது. அவ்வளவு நெருக்கடியிலும் அந்த ஆண்டு சிங்கப்பூர் கையாண்டது 41.12 மில்லியன் கொள்கலன்கள் (20 அடிக் கொள்கலன் கணக்கில்). அதுவரை காணாத உச்சம் அது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் நம் இடத்தைக் காப்பாற்றாது. 2025 பிப்ரவரியில் மெர்ஸ்க், ஹபாக்-லாய்ட் நிறுவனங்கள் தொடங்கிய கூட்டணி, இவ்வட்டாரத்தில் தன் முக்கிய மையமாகத் தேர்ந்தெடுத்தது ஜோகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தை. நிற்கும் துறைமுகங்களைக் குறைத்து, நேரம் தவறாமல் ஓடுவதே அதன் திட்டம். துவாசுக்கு எதிர்க்கரையில் இருக்கும் போட்டியாளர் அது. வாடிக்கையாளருக்கு வேண்டியது சொன்ன தேதியில் சரக்கு; எந்தக் கரையில் அது கைமாறுகிறது என்பது அவருக்குப் பெரிதல்ல.

2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம் 2040களில் முழுமை பெறும்போது, ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாள முடியும். ஓட்டுநரில்லா வாகனங்கள் அங்கே இப்போதே கொள்கலன்களைச் சுமந்து ஓடுகின்றன. அப்படியானால் மனிதருக்கு என்ன வேலை என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாமதமாக வந்த ஐந்து கப்பல்களில் எதை முதலில் உள்ளே விடுவது, எந்தச் சரக்கை வேறு வழியில் அனுப்புவது, கெட்டுப்போகும் பொருளுக்கு எப்படி முன்னுரிமை தருவது? கணினி வழிகளைக் காட்டும். எதை ஏற்பது என்று முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பேற்று, வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும்.

அதற்குக் கணிதமும் தரவுப் பகுப்பாய்வும் தேவை. புவியியலும் உலக அரசியலும் அதே அளவு தேவை. இந்தத் துறையில் ஆர்வமிருந்தால், இன்றே ஒரு வரைபடத்தை எடுத்து ஹோர்முஸ், பாப் எல்-மண்டெப், சுயஸ், பனாமா, மலாக்கா ஆகிய ஐந்து இடங்களையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை அவற்றில் ஒன்று செய்தியில் அடிபடும்போது, நம் கடை அலமாரியில் எந்தப் பொருள் தாமதமாகும் என்று நீங்களே கணித்துப் பாருங்கள்.