மாநிலம் தெரியாத வாக்குகள்

புதுதில்லி: காங்கிரஸ் தலைவரைத் தேர்ந்தெடுக்க 2022 அக்டோபர் 17-ஆம் தேதி மாநில காங்கிரஸ் அலுவலகங்களில் வாக்குப்பதிவு நடைபெற்றது. மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகளும், சசி தரூருக்கு 1,072 வாக்குகளும் கிடைத்தன. 416 வாக்குகள் செல்லாதவை. எந்த மாநிலத்தில் யாருக்கு எத்தனை வாக்குகள் என்ற கணக்கு மட்டும் வெளியிடப்படவில்லை.

திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடுதான் இது. பெட்டிகளைத் தில்லிக்குக் கொண்டுவந்து, சீட்டுகளைக் கலந்த பிறகே எண்ண வேண்டும் என முடிவு செய்யப்பட்டிருந்தது. மாநிலத் தலைவர்கள் பலர் கார்கேவை வெளிப்படையாகவே வரவேற்ற நிலையில், மாற்றி வாக்களிக்க விரும்பிய பிரதிநிதிக்கு அந்தக் கலப்புதான் பாதுகாப்பு.

ஆனால், அதிலும் ஒரு சிக்கல். உத்தரப் பிரதேசத்தில் முறைகேடு நடந்ததாகவும், அம்மாநில வாக்குகள் முழுவதையும் செல்லாதவையாக அறிவிக்க வேண்டும் எனவும் தரூர் தரப்பு புகார் அளித்தது. ஒருமுறை கலந்துவிட்ட சீட்டுகளில் ஒரு மாநிலத்தை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? மதுசூதன் மிஸ்திரி தலைமையிலான கட்சித் தேர்தல் ஆணையம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

முன்னதாக, வாக்குச்சீட்டில் "1" என எழுத வேண்டும் என்ற அறிவிப்பும் தரூர் தரப்பின் ஆட்சேபத்தால் "டிக்" குறியாக மாறியது. சீட்டில் அவரது வரிசை எண் 2.

தோல்விதான் என்றாலும், 2000-இல் சோனியா காந்தியை எதிர்த்துப் போட்டியிட்ட ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தவை 94 வாக்குகளே.