மின்வேலியும் மின்தடைக் கணக்கும்

கோயம்புத்தூரிலிருந்து அட்டப்பாடிக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் ஆனைகட்டி அமைந்துள்ளது. இதுபோன்ற காட்டோர ஊர்களில் யானைகளிடமிருந்து பயிரைக் காக்கச் சூரிய மின்வேலி அமைக்கப்படுகிறது. வேலியில் செடிகொடிகள் படர்ந்தால் அதன் வலிமை குறைவது ஏன் என்பதை ஓம் விதியைக் கொண்டு அறியலாம்.

வேலியின் மின்னூட்டி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, நொடியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே, உயர் மின்னழுத்தத் துடிப்பை அனுப்புகிறது. யானை கம்பியைத் தொட்டதும் மின்னோட்டம் அதன் உடல் வழியே நிலத்திற் பாய்ந்து, தரைக்கம்பி வழியாக மின்னூட்டிக்குத் திரும்புகிறது.

கணக்கின் எளிமைக்காகத் துடிப்பின் அழுத்தம் 6000 வோல்ட் எனவும், மின்னூட்டி, கம்பி, தரை ஆகியவற்றின் மொத்தத் தடை 500 ஓம் எனவும், யானையின் தடை 1000 ஓம் எனவும் கொள்வோம். இவை தொடரிணைப்பில் உள்ளன. ஆகவே மொத்தத் தடை 1500 ஓம்; மின்னோட்டம் 6000 ÷ 1500 = 4 ஆம்பியர்.

இனி, 1000 ஓம் தடையுள்ள மூன்று செடிப் புதர்கள் கம்பியைத் தொடுவதாகக் கொள்க. அவை யானையுடன் பக்க இணைப்பில் அமைகின்றன. நான்கு சமத் தடைகளின் தொகுபயன் 1000 ÷ 4 = 250 ஓம். தொடரிலுள்ள 500 ஓமைக் கூட்ட, மொத்தம் 750 ஓம். மின்னூட்டி தரும் மின்னோட்டம் 8 ஆம்பியராக உயர்கிறது. ஆனால் அது நான்காகப் பிரிவதால் யானைக்குக் கிடைப்பது 2 ஆம்பியரே. மின்னூட்டியின் சுமை இரட்டிக்க, யானை பெறும் அதிர்ச்சி பாதியாகிறது. எனவே களைகளை அடிக்கடி வெட்டுதல் இன்றியமையாதது. கோடையில் மண் உலர்ந்தால் தொடர்த்தடையும் பெருகும். தரைக்கம்பிகள் பலவற்றைப் பக்க இணைப்பில் ஈரமண்ணில் பதிப்பது நன்று.

வீட்டு மின்சாரத்தை வேலியில் நேரே இணைப்பது கொடிய குற்றமாகும். 1000 ஓம் தடையுள்ள உடலில் 230 வோல்ட் செலுத்தும் மின்னோட்டம் 0.23 ஆம்பியரே. ஆயினும் அது இடைவிடாது பாய்வதால் யானையையும் மனிதரையும் கொல்ல வல்லது. துடிப்பு கணப்பொழுதே நீடிப்பதாலேயே மின்னூட்டி வேலி விலங்கை விரட்டுகிறது, கொல்வதில்லை.

ஆசிரியர்கள் இதை மின்கல அடுக்கு ஒன்றையும் ஒரே வகைச் சிறு விளக்குகள் சிலவற்றையும் கொண்டு காட்டலாம். முதல் விளக்கைத் தொடரிலும் ஏனையவற்றை ஒவ்வொன்றாகப் பக்க இணைப்பிலும் சேர்க்க, முதல் விளக்கின் ஒளி மிகுவதையும் மற்றவை மங்குவதையும் மாணவர் நேரிற் காண்பர்.