முப்பது நொடிக் கணக்கும் பாப் இசை விமர்சனமும்

பாப் பாடலின் வடிவம் எக்காலத்திலும் அது விற்கப்படும் முறையோடு பிணைந்தே வந்திருக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியே அடங்கியதால் பாடல்களும் அந்த அளவுக்குள் இயற்றப்பட்டன. 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்.பி. என்னும் நெடுந்தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இடமளித்த பிறகே, பல பாடல்களை ஒரே கருத்தில் கோக்கும் ஆல்பம் தனிக் கலைவடிவமாக வளர்ந்தது. இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பது, பாடலைச் சொந்தமாக வாங்காமல் இணையத்தின் வழியே அவ்வப்போது கேட்கும் ஸ்ட்ரீமிங் முறை. இசைப்பதிவு நிறுவனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ.யின் கணக்குப்படி, 2023இல் உலகப் பதிவிசை வருவாயான 2,860 கோடி டாலரில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங் ஈட்டித் தந்தது.

இந்தப் பணம் பங்கிடப்படும் விதம் பலரும் நினைப்பதிலிருந்து வேறுபட்டது. ஒருவர் செலுத்தும் மாதச் சந்தா அவர் கேட்ட பாடகர்களுக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட பெரும்பாலான தளங்களில் எல்லோருடைய சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டு, தளத்தின் பங்கு போக எஞ்சியது, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு பாடலும் பெற்ற விகிதப்படி உரிமையாளர்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 நொடி ஒலித்தால் அது ஒரு கேட்பு. இரண்டு நிமிடப் பாடலும் ஏழு நிமிடப் பாடலும் கணக்கில் சமம். 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் கேட்புகளை எட்டாத பாடலின் ஒலிப்பதிவுக்கு அத்தளத்தில் உரிமத்தொகை கிடையாது என்ற விதியும் சேர்ந்துகொண்டதால், அறியப்படாத கலைஞர்களின் நிலை மேலும் இறுகியது.

இக்கணக்கின் தடத்தைப் பாடல்களிலேயே காணலாம். அமெரிக்கப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ முதலில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே வெளிவந்தது. பில்லி ரே சைரஸ் இணைந்து பாடிய மறுவடிவமும் மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. ஆயினும் அப்பாடல் 2019இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, 1980களின் நடுப்பகுதியில் பாடல்களில் குரல் தொடங்கும் முன் இருபது நொடிக்கு மேல் நீண்டிருந்த முகப்பிசை 2015இல் ஐந்து நொடியளவுக்குச் சுருங்கியதாகக் காட்டியது. ஸ்ட்ரீமிங் பரவுவதற்கு முன்பே இச்சரிவு தொடங்கிவிட்டதால் அதை மட்டும் காரணமாகக் கூற இயலாது. எனினும் கேட்பவர் விரல்நுனியில் அடுத்த பாடலுக்குத் தாவும் வசதி, குரலையும் பல்லவியையும் முன்னுக்குக் கொண்டுவரும் போக்கை வலுப்படுத்தியது என்பதில் ஐயமில்லை.

விமர்சனத்தின் நிலையும் இதனோடு மாறியது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 1967இல் தொடங்கப்பட்டு, விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969இல் ஆல்பங்களுக்கு ஏ, பி என எழுத்துகளால் தரமிடத் தொடங்கிய காலத்தில், வாங்கிய பிறகே தட்டை முழுமையாகக் கேட்க முடியும் என்பதால், விமர்சகர் வாசகரின் காசுக்கும் காவலராக இருந்தார். 2004இல் விமர்சகர் கெலெஃபா சானே ‘நியூயார்க் டைம்ஸ்’ கட்டுரையில், கித்தாரும் சொந்தமாக எழுதிய பாடலுமே உண்மையான கலை என்று கருதும் ‘ராக்கிசம்’ என்ற மனப்பாங்கைக் கேள்விக்குட்படுத்தியபின், நடன இசையையும் வெகுசனப் பாப்பையும் நேர்மையாக மதிப்பிடும் பார்வை வலுப்பெற்றது. அது நல்ல திருப்பம். ஆனால் விமர்சனத்துக்கான இடம் சுருங்கியும் வந்தது: பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டுப் பெயர்பெற்ற ‘பிட்ச்ஃபோர்க்’ இதழை 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான காண்டே நாஸ்ட் ‘ஜிக்யூ’ இதழோடு இணைத்தது. அதே ஆண்டு, டெய்லர் ஸ்விஃப்ட்டின் புதிய ஆல்பத்துக்கு எழுதப்பட்ட கடுமையான மதிப்புரையை ‘பேஸ்ட்’ இதழ், முன்பு தன் எழுத்தாளர் ஒருவருக்கு வந்த மிரட்டல்களைச் சுட்டி, எழுதியவர் பெயரின்றி வெளியிட்டது.

எந்தப் பாடலையும் உடனே கேட்டுப் பார்க்கலாம் என்ற நிலையில், வாங்கலாமா என்ற கேள்விக்கு விடையளிக்கும் வேலை விமர்சகருக்கு இனி இல்லை. ஒரு பாடலின் சுருக்கம் கலைத்தேர்வா வணிகக் கட்டாயமா என்பதைப் பிரித்துக் காட்டுவதும், ஆயிரம் கேட்புகளை எட்டாத படைப்பிலும் தகுதி இருந்தால் அதை உரக்கச் சொல்வதும், கோடிக் கேட்புகள் பெற்ற பாடலின் குறையை அஞ்சாமல் விளக்குவதுமே இன்று அவருடைய கடமை. இதழ்கள் ஊதியமும் பாதுகாப்பும் அளித்து இப்பணியைத் தாங்காவிட்டால், எது நல்ல இசை என்ற தீர்ப்பு தளங்களின் கேட்பு எண்ணிக்கைக்கே முழுவதும் போய்விடும்.