14,400 ரூபாய்க்கு நான் வாங்கினது செடி இல்லை, அடுத்தவரோட பொறுமை! மாடித்தோட்டம் சொல்லிக்கொடுத்த பணப் பாடம்



சம்பளம் அக்கவுண்டில் விழுந்த அன்று ராத்திரி நீங்க என்ன பண்ணுவீங்க? நான் திருக்கழுக்குன்றத்தில் எங்க வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து செடி வீடியோ பார்ப்பேன். பார்த்து முடிப்பதற்குள் எதையாவது ஆர்டர் போட்டிருப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது, அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதுதான் இன்றைய பதிவு.

ஆரம்பம் ஒரு ஜப்பான் பூ

ஹெபாட்டிகா என்று ஒரு சின்னப் பூ. ஜப்பானில் அதற்கு யுகிவாரிசோ என்று பெயர். பனியைப் பிளந்து வரும் செடி என்று அர்த்தம். அங்கே நீகாட்டா பகுதியில் ஹாபியாக வளர்ப்பவர்களே ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் வைத்து, விதை எடுத்து, புதுப்புது நிறங்களை உருவாக்குகிறார்கள். விதை போட்டு முதல் பூவைப் பார்க்க மூணு, நாலு வருஷம் ஆகும்.

பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. ஆனா அந்தச் செடிக்கு நல்ல குளிர்காலம் வேணும். நம்ம ஊரில் மார்கழியில்கூட ஒரு போர்வைக்கு மேல் தேவைப்படாது. அதே விளையாட்டை நம்ம வெயிலில் விளையாட ஏற்ற செடி எது என்று தேடினபோது கிடைத்ததுதான் அடீனியம். பாலைவன ரோஜா என்று நர்சரியில் பார்த்திருப்பீங்க. ஆப்பிரிக்காவும் அரேபியாவும் அதன் சொந்த ஊர். அடித்தண்டு குண்டாக இருக்கும், வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும்.

நான் செய்த தப்பு

செப்டம்பர் மாசம் ஆன்லைனில் ஆறு ஒட்டுச்செடி ஆர்டர் போட்டேன். ஒன்று 2,400 ரூபாய். மொத்தம் 14,400. எல்லாம் கிரெடிட் கார்டு. "இது செலவு இல்லை, முதலீடு. பெருக்கி விற்கலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஒரே வாரம் விடாமல் பெய்தது. அடீனியத்துக்கு வெயில் பிரச்சினை இல்லை, வேரில் தேங்கும் தண்ணிதான் எமன். நான் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்தவே இல்லை. நாலு செடி அழுகிப் போச்சு. தண்டை விரலால் அழுத்தினா பழுத்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போகுது.

அதே மாசம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கையில் இருக்க வேண்டிய பணம் கார்டு பில்லுக்குப் போயிருந்தது. அக்காவிடம் கடன் கேட்டேன். அக்கா ஒண்ணும் சொல்லாமல் அனுப்பிவிட்டாள். அம்மாதான் காலியான தொட்டிகளைப் பார்த்து, "இந்தக் காசுக்கு எத்தனை மாசம் பால் வாங்கலாம் தெரியுமாடா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

கணக்கு பாருங்க. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால், 14,400 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 504 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 595 ரூபாய். அழுகிப்போன செடிக்கு மாசாமாசம் வாடகை கட்டின மாதிரி!

அந்த விலை ஏன்?

நம்ம ஊர்ப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, நீ வாங்கினது செடி இல்லப்பா. அடுத்தவன் காத்திருந்த வருஷத்தை வாங்கியிருக்க" என்றார்.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அடீனியத்தை விதையில் வளர்த்தால் தாய்ச்செடி மாதிரியே வராது. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதம். நூறு நாற்று வளர்த்தால் சிலதுதான் புதுசாக, அழகாக இருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க ஒருத்தர் கொடுத்த இடம், மண், தண்ணி, நாட்கள் எல்லாம் விலையில் இருக்கு.

ஆனா அந்த விலை நிற்காது. நல்ல நிறம் ஒன்று கிடைத்ததும் அதை ஒட்டுப் போட்டு நகல் எடுக்க ஆரம்பிப்பாங்க. நகல் பெருகினால் விலை இறங்கும். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கக்கூடிய பொருளை முதலீடு என்று நினைத்து வாங்காதீங்க. இது செடிக்கு மட்டும் இல்லை.

காசைக் குறைத்து, காலத்தைப் போட்டேன்

அடுத்த பிப்ரவரியில் நர்சரி அண்ணனிடம் தலா 250 ரூபாய்க்குச் சாதாரண ரோஸ் நிறச் செடி இரண்டு வாங்கினேன். மழையில் பிழைத்த ஒட்டுச்செடி இரண்டில் ஒன்று அடர் சிவப்பு. அந்தச் சிவப்பின் மகரந்தத்தை ரோஸ் பூவில் வைத்தேன். எப்படி என்று சொல்றேன்:

1. அடீனியம் பூ ஒரு குழாய் மாதிரி. ஒரு பக்கம் கிழித்துப் பார்த்தால் உள்ளே கூம்பு மாதிரி மகரந்தப் பைகள் சேர்ந்து நிற்கும். மகரந்தம் அந்தக் கூம்புக்குள்ளே ஒளிந்திருக்கும்.
2. மெல்லிய பிரஷ்ஷாலோ பல்குத்தும் குச்சியாலோ அதை எடுத்து, வேறொரு செடியின் பூவில் கூம்பின் இடுக்கு வழியாக உள்ளே வைக்கணும். அதே செடியின் பூவுக்கு வைத்தால் பெரும்பாலும் காய் பிடிக்காது.
3. பிடித்துவிட்டால் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடிக் காய் வரும். முற்ற இரண்டு மூன்று மாசம் ஆகும்.
4. காயை நூலால் கட்டிவையுங்க, இல்லைன்னா வலைப்பை போடுங்க. விதையின் இரண்டு முனையிலும் பஞ்சு இருக்கும். காய் வெடித்தால் காற்றில் பறந்துவிடும்.
5. விதை புதுசாக இருக்கும்போதே போடுங்க. ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் செடியின் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவப் பயன்படுத்தியிருக்காங்க. வெட்டினால் கையைக் கழுவுங்க. குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வையுங்க.

என் கணக்குப் புத்தகம்

மே கடைசியில் 71 விதை போட்டேன். 58 முளைத்தது. இந்தத் தடவை மழைக்கு முன்னாடியே எல்லாத் தொட்டியையும் கூரைக்கு அடியில் வைத்துத் தண்ணியையும் குறைத்தேன். தை மாசம் எண்ணினபோது 41 இருந்தது.

விதை போட்டு 14 மாசத்தில் 26 செடி பூத்தது. அதில் 22 அம்மா மாதிரியே ரோஸ். மூணு, ரெண்டுங்கெட்டான் நிறம். ஒன்றே ஒன்று மட்டும் அடர் சிவப்பு ஓரம், நடுவில் வெள்ளை நட்சத்திரம். அதை முதலில் பார்த்தது அம்மாதான். காலையில் என்னை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

செலவு: தாய்ச்செடி 500, மண், கோகோபீட், உரம் 900, சின்னத் தொட்டிகள் 600, வலைப்பை, பிரஷ், பூஞ்சைக்கொல்லி 200. மொத்தம் 2,200 ரூபாய். ரோஸ் செடிகளில் 12-ஐ 150 ரூபாய் வீதம் விற்றேன். வரவு 1,800.

ஆமாம், 400 ரூபாய் நஷ்டம். அந்தச் சிவப்பு ஒட்டுச்செடியின் 2,400-ஐயும் சேர்த்தால் இன்னும் மோசம். ஒன்றரை வருஷச் சந்தோஷத்துக்கு 400 ரூபாய் கொடுத்தேன் என்றுதான் எழுதி வைத்திருக்கேன். இதை முதலீடு என்று எழுதினால் பொய்க்கணக்கு.

நீங்க செய்ய வேண்டியது

- முதலில் எமர்ஜென்சி ஃபண்ட், அப்புறம்தான் ஹாபி. என்னை மாதிரி அக்காவிடம் போய் நிற்காதீங்க.
- ஹாபிக்கு மாசம் ஒரு தொகை ஒதுக்குங்க. கார்டில் வேண்டாம், கையில் இருக்கும் பணத்தில் மட்டும்.
- வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்க ஆசையா? 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேணும். விற்பவர் "ஒண்ணும் ஆகாது சார்" என்றால் நம்பாதீங்க.
- விற்க ஆரம்பித்தால் வரிக்கணக்கு. நர்சரியில் வளர்த்த நாற்று, கன்று விற்ற வருமானம் விவசாய வருமானமாகக் கருதப்படும் என்று 1961 வருமான வரிச் சட்டத்தில் 2008-ல் விளக்கம் சேர்த்தாங்க. அது 5,000 ரூபாயைத் தாண்டினால் சம்பளக்காரர்கள் ஐடிஆர்-1 போட முடியாது. வாங்கி அப்படியே விற்றால் அது வியாபார வருமானம். மாடித்தோட்டம் நர்சரி ஆகுமா என்பதை உங்க ஆடிட்டரிடம் கேளுங்க.

எங்க ஊர் சங்கு தீர்த்தத்தில் 12 வருஷத்துக்கு ஒரு தடவை சங்கு பிறக்கும் என்பாங்க. அதைப் பார்க்கக் கரையில் கூட்டம் காத்து நிற்கும். அந்த ஊரில் பிறந்துவிட்டு, ஒரு பூவுக்கு 14 மாசம் காத்திருக்க முடியாமல் கார்டைத் தேய்த்தவன் நான். நீங்க தேய்க்காதீங்க.

மகரந்தம் வைக்கும் முறையை நம்ம சேனலில் வீடியோவாகப் போட்டிருக்கேன், பாருங்க. உங்க ஹாபிக்கு மாசம் எவ்வளவு போகுது என்று இன்று ராத்திரி ஒரு தாளில் எழுதிப் பாருங்க. அந்தத் தொகை உங்களுக்கே ஆச்சரியமாக இருந்தால், அடுத்த ஆர்டரை ஒரு மாசம் தள்ளிப்போடுங்க.

அடுத்த பதிவில் சந்திப்போம்.