ஓதம் திரட்டித் தரும் பறவைகள்

ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து எல்பே ஆற்றோடு நூறு கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிச் சென்றால், ஆறு கடலோடு கலக்குமிடத்தில் நொய்வெர்க் என்னும் சிறுதீவு தென்படும். அவ்வளவு தொலைவில் இருந்தும் அது ஹம்பேர்க்குக்கு உரிய நிலமே. 1310-இல் கட்டி முடித்த காவற்கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதற்கு அப்பால் மணற்புல்லும் குறும்புதரும் மூடிய ஷார்ஹோர்ன் திட்டு. அதனைக் கடல் அரித்து வந்ததால், பறவைகளுக்கு மாற்றிடமாக 1989-இல் மணல் கொட்டி நீகேஹோர்ன் திட்டை உருவாக்கினர். இம்மூன்றையும் சூழ்ந்த, வாடன் கடலின் சேற்றுப்பரப்பு 1990-இல் தேசியப் பூங்காவாகி, 2011-இல் உலக மரபுச் சின்னத்தின் பகுதியாயிற்று.

இங்கே பறவைகளை எண்ணும் அறிஞரோடு முதன்முறை செல்பவர், கண்கூர்மையும் தொலைநோக்கியும் இருந்தால் போதும் என்று எண்ணக்கூடும். அவற்றினும் முதன்மையானது ஓதத்தின் கணக்கு. நீர் வற்றும்போது கடற்படுகை பல கிலோமீட்டர் அகலத்துக்கு வெளிப்படுகிறது. புழு, சிப்பி, சிறுநண்டு தேடிப் பறவைகள் கண்ணுக்கெட்டாத் தொலைவு வரை சிதறிவிடுகின்றன. அப்போது எண்ணுவது வீண்முயற்சி. நீர் ஏற ஏற, மேயுமிடம் சுருங்கி அவை மேட்டு நிலத்தில் ஒன்று கூடுகின்றன. காருவா, வெள்ளுவா நாள்களை ஒட்டி ஓதம் மிகப் பெருகுவதால், ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒருமுறை, அந்நாள்களிலேயே கணக்கெடுப்பு அமைகிறது. எட்டாத் தொலைவில் கிடந்தவற்றைக் கடலே திரட்டி எண்ணுவோரின் கண்முன் நிறுத்துகிறது.

ஆயிரக்கணக்கான உள்ளான்கள் நெருங்கி நிற்கையில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி அப்பரப்பை மனத்தில் கொள்வர். பின் நூறு எவ்வளவு இடம் கொள்ளும் என அளந்து, அவ்வளவைக் கூட்டத்தின் மீது மேலும் மேலும் பொருத்திக்கொண்டே செல்வர். இது பயிற்சியால் மட்டுமே கைவரும் கலை. ஒரு வல்லூறு குறுக்கே பறந்தால் கூட்டம் முழுதும் எழுந்து கலையும்; மீண்டும் பத்திலிருந்து தொடங்க வேண்டியதே.

என்னை மிகவும் வியக்கவைப்பது, ஜெர்மானியர் ரிங்கெல்கான்ஸ் என அழைக்கும் கருநிறக் காட்டுவாத்தின் கணக்கே. இலையுதிர் காலத்தில் இது வடசைபீரியாவின் தைமிர் நிலத்திலிருந்து இக்கடற்கரைக்கு வருகிறது. குஞ்சுகள் பெற்றோரை விட்டுப் பிரியாமல் உடன் வரும்; அவற்றின் சிறகில் வெண்ணிற விளிம்புக் கோடுகள் உண்டு. ஆகவே கூட்டத்தில் இளையவை எத்தனை என்பதைத் தனியே எண்ணலாம். அவ்வெண்ணிக்கை ஆண்டுக்காண்டு பெரிதும் மாறுவதன் காரணத்தைத் தேடியவர்கள் லெம்மிங் என்னும் சிற்றெலியிடம் போய்ச் சேர்ந்தனர். லெம்மிங் பெருகிய ஆண்டில் பனிநரி அதனைத் தின்று நிறைவு பெறுகிறது. லெம்மிங் அருகிய ஆண்டில் நரி பறவைக் கூடுகளை நாடி முட்டையையும் குஞ்சையும் உண்கிறது. எல்பே வாயில் நின்று வாத்தின் சிறகுக் கோட்டைப் பார்ப்பவர், தாம் ஒருபோதும் காணாத தைமிரின் எலிவளத்தையும் கணித்துவிடுகிறார். இத்தகைய ஓர் அறிவுக்காகப் பனிக்காற்றில் நாள்முழுதும் நிற்பது தகும்.

இத்தைமிர் நிலம் தமிழருக்கும் அயலன்று. வளைந்த அலகுடைய ஓர் உள்ளான் அங்கேயே முட்டையிடுகிறது. அதில் ஒரு பகுதி வாடன் கடல் வழியே மேற்கு ஆப்பிரிக்கா செல்ல, வேறொரு பகுதி நம் கோடியக்கரைக்கு வருகிறது. அடைகாக்கும் பொறுப்பில்லாத ஆண் உள்ளான்கள் ஜூலையிலேயே எல்பே வாயை அடைகின்றன; அப்போது அவற்றின் மார்பு செங்கல் நிறம். கோடியக்கரைச் சேற்றில் நாம் குளிர்காலத்தில் காண்பதோ சாம்பல் நிறம். அவ்விரு நிறமும் ஒரே பறவையினத்தின் கோடையும் குளிரும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்து வருகிறது. ஐரோப்பிய நீர்ப்பறவைகளும் அதே மாதத்தில் எண்ணப்படுகின்றன. அங்கே உறைபனியில் கையுறை அணிந்தவரும், இங்கே உப்பளக் கரையில் வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டியவரும், பத்திலிருந்தே எண்ணத் தொடங்குகின்றனர்.