வவுச்சர் இல்லாமல் ரயில் நகராது!

நியூயார்க் சப்வேயில் மொத்தம் எத்தனை ஸ்டேஷன்கள்?

எண்ணினால் போச்சு என்கிறீர்களா? எண்ணிப் பார்த்தால் 472 வருகிறது. ரயில் நடத்துகிறவர்கள் சொல்லும் கணக்கே அதுதான். ஆனால், வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே நடந்து போய் வேறு லைன் ரயிலைப் பிடிக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேஷன்களை எல்லாம் ஒரே ஸ்டேஷன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 420தான்! மிச்சம் ஐம்பது எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி மூன்று பேருக்கு ஒரு ரேஷன் கார்டா, மூன்று ரேஷன் கார்டா என்கிற அதே பிரச்னைதான்.

நமக்கெல்லாம் ரயில் வந்தால் போதும். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு ராஜயோகம். ஆனால் 472-ஆ, 420-ஆ என்பதற்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற ஒரு கூட்டம் உலகம் பூரா இருக்கிறது. சம்பளம் கிடையாது, படி கிடையாது, தீபாவளி போனஸ் நிச்சயமாகக் கிடையாது. விக்கிப்பீடியாவில் மெட்ரோ ரயில்களைப் பற்றிய கட்டுரைகளை எழுதி, திருத்தி, காவல் காக்கிற தன்னார்வலர்கள்தான் இவர்கள்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15-ஆம் தேதி ஆரம்பித்த இணையக் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை வேண்டுமானாலும் திருத்தலாம். ‘அப்படியென்றால் உருப்பட்ட மாதிரிதான்’ என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. உருப்பட்டுவிட்டது! காரணம், இந்த மாதிரி ஆசாமிகள் குழு குழுவாகச் சேர்ந்துகொண்டதுதான். லண்டன் போக்குவரத்துக்கு ஒரு குழு, நியூயார்க்குக்கு ஒரு குழு, பொதுவாக ரயில்களுக்கு ஒரு குழு. எந்தக் கட்டுரை அரைகுறை, எந்தக் கட்டுரை தேறும், எது முதல் வகுப்பு என்று பரீட்சை பேப்பர் மாதிரி தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

லண்டன் அண்டர்கிரவுண்டில் 272 ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை உண்டு. இதில் ‘எட்ஜ்வேர் ரோடு’ என்ற ஒரே பெயரில் இரண்டு ஸ்டேஷன்கள். இரண்டும் வேறு வேறு. ‘ஹாமர்ஸ்மித்’திலும் அதே கதை. ஓடுகிற ஸ்டேஷனை விடுங்கள், மூடின ஸ்டேஷனையும் விடுவதில்லை. 1907-இல் திறந்து 1994 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடிவிட்ட ஆல்டுவிச் ஸ்டேஷனுக்கும் விலாவாரியாகக் கட்டுரை இருக்கிறது. ரயில் நின்றாலும் ஜாதகம் நிற்கவில்லை!

பி.காம். மூளைக்குப் பிடித்த விஷயம்

நான் பி.காம். படித்தவன். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டது: ‘வவுச்சர் இல்லாத என்ட்ரி, என்ட்ரியே இல்லை.’ பெட்டிக் கேஷில் டீக்குக் கொடுத்த காசாக இருந்தாலும் துண்டுச்சீட்டு வேண்டும். விக்கிப்பீடியா முழுக்க முழுக்க அந்த ஒரே விதியில்தான் ஓடுகிறது.

உதாரணமாக, ஒரு ஊரில் புது மெட்ரோ லைன் திறக்கிறார்கள். நீங்கள் முதல் ரயிலில் முதல் பெட்டியில் ஏறிப் போகிறீர்கள். ராத்திரி வந்து, ‘இன்று காலை திறக்கப்பட்டது, நானே போனேன்’ என்று எழுத முடியுமா? முடியாது. நீங்கள் கண்ணால் பார்த்தது செல்லாது. பேப்பரில் வந்ததா, புத்தகத்தில் வந்ததா, வவுச்சர் எங்கே என்று கேட்பார்கள். சொந்த ஆராய்ச்சிக்கு அங்கே இடம் கிடையாது. கேட்கக் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்... உங்கள் கண்ணை நம்பினால், எதிர்வீட்டுக்காரர் கண்ணையும் நம்ப வேண்டுமே!

வவுச்சர் இருந்தாலும் தகராறு தீராது என்பது வேறு விஷயம். உலகத்தின் முதல் பாதாள ரயில் லண்டனில் எப்போது திறந்தது? பெரிய மனிதர்களை ஏற்றிப்போய் விருந்து வைத்தது 1863 ஜனவரி 9. பொதுஜனம் டிக்கெட் வாங்கி ஏறியது ஜனவரி 10. மின்சாரத்தில் ஓடிய முதல் பாதாள ரயிலும் லண்டனில்தான். அதை வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தது 1890 நவம்பர் 4. ஜனங்கள் ஏறியது டிசம்பர் 18! நடுவில் ஒன்றரை மாதம் ரிப்பன் மட்டும்தான் வெட்டியிருந்தது. ரிப்பன் வெட்டியது வேறு, ரயில் ஓடியது வேறு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி, இரண்டுக்கும் வவுச்சர் வைத்தால்தான் கணக்கு நேராகும்.

இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. சாதாரணமாக எந்தத் திருத்தத்தையும் அழிக்க ரப்பர் கிடையாது. யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்பது ஒவ்வொரு பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியிலும் அப்படியே இருக்கும். ஆடிட்டர்கள் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள்.

எது மெட்ரோ?

‘உலக மெட்ரோ ரயில்கள்’ என்று ஒரு பெரிய பட்டியல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிறது. அதில் இடம் பிடிப்பது எல்.கே.ஜி. சீட் மாதிரி. தனிப் பாதை இருக்க வேண்டும், ரோட்டோடு கலக்கக் கூடாது, லெவல் கிராஸிங் ஆகாது, நகரத்துக்குள் அடிக்கடி ஓட வேண்டும்... இத்தனை நிபந்தனை. இதனால் மனஸ்தாபம் நிறைய.

துருக்கியின் இஸ்தான்புல்லில் ‘டியூனெல்’ என்று ஒன்று 1875-இல் திறந்தது. லண்டனுக்கு அடுத்தபடியாகப் பூமிக்கடியில் ஓடிய நகர ரயில் அதுதான். ஆனால் அரை கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கம்பி கட்டி இழுக்கிற ரகம். அதனால் மெட்ரோ பட்டியலில் அதற்கு இடமில்லை. 1896-இல் திறந்த புடாபெஸ்ட் உள்ளே இருக்கிறது. இஸ்தான்புல்காரருக்கு வயிறு எரியுமா எரியாதா?

நம்ம கதைக்கும் வருவோம். சென்னையில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து, 2007-இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயில் இருக்கிறதே, அது தூண் மேல் தனிப் பாதையில் ஓடினாலும் அந்தப் பட்டியலில் கிடையாது. தெற்கு ரயில்வே நடத்துகிற புறநகர் ரயில் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்தியாவின் முதல் மெட்ரோ என்ற பெருமை, 1984 அக்டோபர் 24-ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை வெறும் 3.4 கிலோமீட்டர் ஓடிய கல்கத்தாவுக்குத்தான். இந்தத் தீர்ப்புகளை யாரோ ஒரு நீதிபதி சொல்லவில்லை. கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத ஆட்கள், மாதக்கணக்கில் வாதாடி வந்த முடிவு.

டிசம்பரில் ஓடும்!

‘வரும் டிசம்பரில் ரயில் ஓடும்’ என்று அறிவிப்பு வரும். எந்த வருஷத்து டிசம்பர் என்று மட்டும் நம் ஊரில் கேட்கக் கூடாது. இதற்காகவே விக்கிப்பீடியாவில் ஒரு விதி இருக்கிறது: ‘இது ஜோசியக் கண்ணாடி அல்ல.’ நடந்ததைத்தான் நடந்தது என்று எழுதலாம். சீனாவில் நிஜமாகவே வருஷக் கடைசியில் புது லைன்களாகத் திறந்து தள்ளுவார்கள். ஷாங்காய், பெய்ஜிங் இரண்டு ஊரிலும் மெட்ரோ 800 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதனால் டிசம்பர் கடைசி வாரம் இந்தத் தன்னார்வலர்களுக்கு, நமக்கு மார்ச் 31 மாதிரி! லைன் நீளம், ஸ்டேஷன் எண்ணிக்கை, படம், பட்டியல் எல்லாவற்றையும் க்ளோஸ் பண்ண வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் நைசாக ‘உலகத் தரம் வாய்ந்த’, ‘அதிநவீன’ என்று சேர்த்துவிட்டுப் போவதும் உண்டு. மறுநாளே அது வெட்டுப்படும். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்று சொல்லு, போதும். தரத்தைப் பயணி பார்த்துக்கொள்வார்!

ரயில் பாதைப் படத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லண்டனின் அதிகாரபூர்வ மேப்பை எடுத்து ஒட்ட முடியாது, காப்புரிமை இருக்கிறது. அதனால் ஜெர்மன் விக்கிப்பீடியாக்காரர்கள் குட்டிக் குட்டிச் சதுரங்கள் செய்தார்கள். ஒன்றில் நேர்கோடு, ஒன்றில் வளைவு, ஒன்றில் ஸ்டேஷன் புள்ளி. அடுக்கினால் முழுப் பாதை தயார். புள்ளிக் கோலம் போடுகிற டெக்னிக்! லண்டன் மேப்பின் பிறப்பே இப்படித்தான். சிக்னல் பிரிவில் டிராஃப்ட்ஸ்மனாக இருந்த ஹாரி பெக் 1931-இல் சொந்த நேரத்தில் வரைந்தார். முதலில் வேண்டாம் என்றார்கள். 1933-இல் அச்சடித்தார்கள். இன்றைக்கும் அந்த மேப்பின் ஓரத்தில் அவர் பெயர் இருக்கிறது.

வவுச்சரே டூப்ளிகேட் என்றால்?

இது வரை சிரித்தாயிற்று. இனி கொஞ்சம் சீரியஸ்.

யாரோ ஒருவர் ஒரு ஸ்டேஷன் 1908-இல் திறந்ததாக ஆதாரம் இல்லாமல் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரும் கவனிக்கவில்லை. அவசரத்தில் இருக்கும் ஒரு நிருபர் அதைப் பார்த்துத் தன் பேப்பரில் ‘1908-இல் திறந்த ஸ்டேஷன்’ என்று எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து விக்கிப்பீடியாவில் ஒரு நல்ல மனுஷன் ‘வவுச்சர் எங்கே?’ என்கிறார். இன்னொருவர் உடனே அந்தப் பேப்பரையே ஆதாரமாகக் காட்டுகிறார். முடிந்தது கதை! லெட்ஜரைப் பார்த்து வவுச்சர் தயார் பண்ணி, அந்த வவுச்சரைக் காட்டி லெட்ஜரை பாஸ் பண்ணியாயிற்று. ஆபீஸில் செய்தால் சஸ்பெண்ட் ஆவோம். இந்த விபரீதத்துக்கு ராண்டல் மன்றோ என்ற அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் 2011-இல் ஒரு தனிப் பெயரே வைத்தார்.

முன்பாவது மனிதர்கள் படித்தார்கள். இப்போது கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை அறிவு மெஷின்களும் விக்கிப்பீடியாவைப் படித்துத்தான் வளர்ந்திருக்கின்றன. ஒரு தப்புத் தேதி அங்கே உட்கார்ந்தால், அப்புறம் பரீட்சை விடைத்தாள் வரைக்கும் போகும். ‘பொழுது போகாதவர்கள்’ என்று நாம் நினைக்கிற இந்தத் தூக்கம் கெட்டவர்கள்தான் குடிதண்ணீர்த் தொட்டிக்கு வாட்ச்மேன்.

நம் தொட்டியில் எவ்வளவு தண்ணீர்?

தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது. சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-ஆம் தேதி கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஏழு ஸ்டேஷன்களோடு ஓட ஆரம்பித்தது. நம்மிடமும் சிக்கலுக்குப் பஞ்சமில்லை. ஆலந்தூரும் சென்ட்ரலும் நீலம், பச்சை இரண்டு லைனிலும் வரும். லைன் வாரியாகக் கூட்டினால் இரண்டு தடவை எண்ணிவிடுவோம். 2020-இல் சென்ட்ரல் மெட்ரோவுக்குப் புரட்சித் தலைவர் பெயர் வைத்தார்கள். ஆனால் டிக்கெட் கவுன்ட்டரில் ‘ஒரு சென்ட்ரல்’ என்றுதானே கேட்கிறோம்? கட்டுரைக்கு எந்தப் பெயர்? தேடி வருகிறவர் எந்தப் பெயரைத் தட்டினாலும் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இதையெல்லாம் லண்டன்காரர் வந்து நமக்குச் செய்து தர மாட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல், 1995. பறக்கும் ரயில் ஓட ஆரம்பித்தபோது நம் பேப்பர்கள் பெரும்பாலும் இணையத்துக்கு வரவில்லை. தேடுபொறியில் தட்டினால் கிடைக்காது. வவுச்சர் இல்லை என்று அர்த்தமா? இல்லை, பைல் வேறு பீரோவில் இருக்கிறது. அச்சடித்த பேப்பரும் புத்தகமும் விக்கிப்பீடியாவில் தாராளமாகச் செல்லும். பெயர், தேதி, பக்கம் சொன்னால் போதும். சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896-லிருந்து நிற்கிறது, புடாபெஸ்ட் மெட்ரோவுக்கு அதே வயசு! நாட்டில் அச்சாகும் புத்தகங்கள், பத்திரிகைகளைச் சட்டப்படி பெற்றுக்கொள்ளும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

மாசத்தில் ஒரு சனிக்கிழமை. எழும்பூரில் மெட்ரோவிலிருந்து இறங்கி ஒரு நடை. ஒரு பழைய பேப்பர், ஒரு தேதி, ஒரு வரி. அவ்வளவுதான் ஒரு என்ட்ரி. உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது, இன்க்ரிமென்ட் வராது, வீட்டில் ‘வேற வேலை இல்லையா’ என்று கேட்பார்கள்.

கேட்கட்டும். வவுச்சர் கையில் இருக்கிறவனுக்கு ஆடிட் பயம் கிடையாது!